டைவர்ட்டர் மாடலில் லைமன் ஒளி: ஐந்து வழிகளில் எதை எப்போது எடுப்பது

டோக்கமாக்கின் (காந்தப் புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் அணு இணைவுச் சாதனத்தின்) வெளியேற்றப் பிளாஸ்மாவை, அதாவது டைவர்ட்டர் பகுதியை, மாடல் செய்பவர் ஒரு கட்டத்தில் இதை முடிவு செய்தே ஆக வேண்டும். டியூட்டீரியம் அணு மேல்மட்டத்திலிருந்து தரைமட்டத்துக்கு இறங்கும்போது உமிழும் லைமன் ஃபோட்டான் பிறந்த இடத்திலிருந்து நேராகச் சுவருக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வதா? இல்லை, வழியில் இன்னொரு அணுவிடம் பிடிபடுவதையும் கணக்கில் கொண்டுவருவதா? இரண்டாவது என்றால் எவ்வளவு நுணுக்கமாக?

பலர் இதை "எவ்வளவு சக்தி கதிர்வீச்சாக வெளியேறுகிறது" என்ற கேள்வியாகவே பார்க்கிறார்கள். அது பாதிதான். லைமன் ஒளி அடைபட்டால் முதலில் மாறுவது அயனியாக்கம்: அணுக்கள் எந்த இடத்தில், எந்த வேகத்தில் அயனியாகின்றன என்பது. அது மாறினால் அடர்த்தி மாறும். பிளாஸ்மா டைவர்ட்டரின் இலக்குத் தகட்டைவிட்டு விலகி நிற்கும் நிலை (விலகல்) எப்போது தொடங்கும் என்பதும் அதோடு சேர்ந்து மாறும். எந்த வழியை எடுப்பது என்பதை இந்தக் கோணத்திலிருந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

லைமன் ஆல்பா 121.5 நானோமீட்டர் நிறமாலைக் கோடு. ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 10.2 எலக்ட்ரான்வோல்ட், ஆஸிலேட்டர் வலிமை (அணு அந்தக் கோட்டை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 0.416. அணுக்களின் வெப்பநிலை 1 எலக்ட்ரான்வோல்ட் என்று எடுத்தால், கோட்டின் நடுவிலிருந்து உயரம் 37 சதவீதமாகக் குறையும் இடம் வரையிலான டாப்ளர் அகலம் (அணுக்களின் வெப்ப ஓட்டத்தால் கோடு விரியும் அளவு) சுமார் 80 கிகாஹெர்ட்ஸ். கோட்டின் நடுவில் உறிஞ்சும் குறுக்குவெட்டு 7.7×10⁻¹⁸ சதுர மீட்டர் வருகிறது. அணு அடர்த்தி கன மீட்டருக்கு 10²⁰ என்றால் கோட்டு நடுவிலுள்ள ஃபோட்டான் சராசரியாக 1.3 மில்லிமீட்டர்தான் போகும். அடர்ந்த பகுதியின் கனம் 10 செ.மீ. என்றால் ஒளியியல் தடிமன், அதாவது கனத்தை அந்தச் சராசரித் தொலைவால் வகுத்த எண், 77.

77 என்ற தடிமன் எதைச் செய்யும்? சமதளப் பலகை வடிவத்துக்கும் டாப்ளர் கோட்டுக்கும் ஹோல்ஸ்டீன் தந்த சூத்திரம் எளிது. தடிமனில் பாதியின் இயல் மடக்கையை π-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதைத் தடிமனால் பெருக்கி, வரும் எண்ணால் 1.875-ஐ வகுங்கள். 77-க்கு விடை 0.0072. அதாவது ஃபோட்டான் சராசரியாக 140 முறை பிடிபட்டு, விடுபட்டு, பிறகுதான் வெளியே வருகிறது.

இனி இதை அணுவின் பக்கமிருந்து பாருங்கள். இரண்டாம் மட்டத்தின் உட்படிகள் (எஸ், பி என்ற உள்நிலைகள்) சமமாகக் கலந்திருந்தால், அணு அங்கிருந்து தரைமட்டத்துக்கு விநாடிக்கு 4.7×10⁸ என்ற வீதத்தில் இறங்குகிறது. 2 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் அதே மட்டத்திலிருந்து அயனியாக்கும் குணகம் தோராயமாகக் கன மீட்டர்/விநாடி அலகில் 3×10⁻¹⁴. எலக்ட்ரான் அடர்த்தி 10²⁰ என்றால் வீதம் 3×10⁶. ஒளி தடையின்றி வெளியேறினால் அயனியாக்கம் இறக்கத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை, கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஒளி அடைபட்டால் இறக்கத்தின் பயனுறு வீதம் 4.7×10⁸ × 0.0072, அதாவது 3.4×10⁶ ஆகிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய சமம்! கிளர்வுற்ற அணுக்களில் பாதி இனி தரைக்குத் திரும்பாமல் அயனியாகின்றன. தரைமட்டத்திலிருந்து 13.6 எலக்ட்ரான்வோல்ட் தேவைப்பட்ட வேலைக்கு, இரண்டாம் மட்டத்திலிருந்து 3.4 போதும். குளிர்ந்த டைவர்ட்டரில் இந்த ஏணிப்படிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

எந்த வழியையும் தொடுவதற்கு முன் உங்கள் சாதனத்துக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். பார்க்க வேண்டிய அளவு அடர்த்தியையும் கனத்தையும் பெருக்கிய தொகை. சதுர மீட்டருக்கு 1.3×10¹⁷ அணுக்கள் என்றால் தடிமன் 1. 10¹⁷-க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 10¹⁸-இல் தடிமன் 8-ஐ நெருங்கும், தப்புவது பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கும். 10¹⁹-ஐத் தொட்டால் மேலே சொன்ன நிலைமை. அணுக்கள் 4 எலக்ட்ரான்வோல்ட்டில் இருந்தால் தடிமன் பாதியாகும். ஆகவே அணு வெப்பநிலைக்கு ஏதோ ஒரு எண்ணைப் போடாமல் நடுநிலைத் துகள்களைக் கணக்கிடும் கணினி நிரல் தரும் மதிப்பையே எடுங்கள்.

ஒளிபுகும் எல்லை, அடைபட்ட எல்லை

முதல் வழி, எல்லா ஒளியும் வெளியேறுகிறது என்று வைத்துக் கணக்கிட்ட மோதல்-கதிர்வீச்சுக் குணகங்கள் (மோதலாலும் ஒளி உமிழ்வாலும் அணுவின் மட்டங்கள் நிறைவதைக் கணக்கிட்டு வரும் வீதங்கள்). அடாஸ், ஆம்ஜுவல் போன்ற தரவுத்தொகுப்புகளிலிருந்து எடுக்கும் வழக்கமான அட்டவணைகள் இவைதான். கூடுதல் கணக்குச் செலவு கிடையாது. தகட்டருகே 10 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் நிற்கும் பிளாஸ்மாவுக்கும், குறைந்த அடர்த்திச் சாதனங்களுக்கும், பிரதான அறையின் விளிம்புக்கும் இது போதும். பிளாஸ்மாவைக் குளிர்விக்க வேண்டுமென்றே விதைத்த நைட்ரஜன், நியான், ஆர்கான் போன்ற மாசுக்களுக்கும் பெரும்பாலும் இதே போதும். அவற்றின் அடர்த்தி எரிபொருளில் சில சதவீதம்தான், அதுவும் பல மின்னூட்ட நிலைகளில் பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. மாசுக்களில் வரும் பிழை வேறு இடத்திலிருந்து வருகிறது: மின்னூட்ட நிலைகள் உள்ளூர்ச் சமநிலையை எட்டுமுன்பே நகர்ந்துவிடுகின்றன. அதை ஒளி மாடலால் சரிசெய்ய முடியாது.

இரண்டாம் வழி நேர் எதிர்: லைமன் இறக்கங்கள் எல்லாவற்றின் வீதத்தையும் பூஜ்யமாக்கி அதே குணகங்களைத் திரும்பக் கணக்கிடுவது. வானியலில் பேக்கரும் மென்ஸலும் 1938-இல் வகுத்த, லைமன் ஒளி முழுதும் அடைபடும் "பி" நிலையின் (கேஸ் பி) தம்பி என்று சொல்லலாம். இதுவும் இலவசம்தான், அட்டவணையை மாற்றினால் போதும்.

இந்த வழியின் குறை, எல்லாக் கோடுகளையும் ஒரே மாதிரி அடைப்பது. லைமன் பீட்டாவின் குறுக்குவெட்டு ஆல்பாவைவிட ஆறு மடங்கு சிறியது. மேலே சொன்ன பலகையில் ஆல்பாவுக்கு 77 என்றால் பீட்டாவுக்கு 12தான். போதாததற்கு, பீட்டாவை உறிஞ்சி மூன்றாம் மட்டத்துக்கு ஏறிய அணு வேறு கதவு வழியாக இறங்கவும் முடியும்: டி-ஆல்பாவை உமிழ்ந்து இரண்டாம் மட்டத்துக்கு. மோதல்களால் உட்படிகள் நன்றாகக் கலந்திருந்தால் இதற்கு 44 சதவீத வாய்ப்பு உண்டு. கலக்காமல் பி உட்படியிலேயே நின்றால் 12 சதவீதம். ஆகவே பீட்டா ஃபோட்டான் பல தடவை பிடிபடுவதில்லை. சில முறைக்குள் டி-ஆல்பாவாக மாறி ஓடிவிடுகிறது. சுவரை ஒட்டிய கடைசிச் சில மில்லிமீட்டரிலும் "முழு அடைப்பு" பொய்யாகிறது.

ஆனாலும் இந்த இரண்டு எல்லைகளும் சேர்ந்தால் மிகப் பயனுள்ளவை. உங்களுக்குத் தேவையான விடை எதுவோ, உச்ச வெப்பப் பாய்வோ, விலகல் தொடங்கும்போது மேல்நீரோட்டத்தில், அதாவது தகட்டிலிருந்து தொலைவில், உள்ள அடர்த்தியோ, அதை இரண்டு எல்லைகளிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் விடை உங்கள் மற்ற நிச்சயமின்மைகளுக்குள் ஒத்துப்போனால் ஒளிக் கடத்தலுக்கு இனி ஒரு மணி நேரமும் செலவிட வேண்டாம். விடை விலகினால்தான் அடுத்த வழிகளுக்குக் காரணம் பிறக்கிறது.

இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று. அயனியாக்க அட்டவணையை அடைபட்டதாக மாற்றிவிட்டு, எலக்ட்ரான் குளிர்விப்பு அட்டவணையைப் பழையபடியே விட்டுவிடுவது. அப்போது வெளியேறாத ஃபோட்டான்களுக்கும் எலக்ட்ரான்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கும். அதே ஆற்றல் அயனியாக்கத்திலும் செலவாகிவிட்டிருக்கும். ஆற்றல் இரண்டு முறை கழிகிறது. தகட்டு வெப்பநிலை உண்மையைவிடக் கீழே போய், பிளாஸ்மா உரிய அடர்த்திக்கு முன்பே விலகியதுபோல் காட்டும். படம் அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அயனியாக்கம், மறுசேர்க்கை (அயனி எலக்ட்ரானைப் பிடித்து மீண்டும் அணுவாவது), இரண்டுக்கும் உரிய ஆற்றல் இழப்பு, ஆக நான்கு அட்டவணைகளும் ஒரே மோதல்-கதிர்வீச்சு ஓட்டத்திலிருந்து வந்தவையா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்.

தப்பும் காரணி: மலிவு, ஆனால் எந்த நீளம்?

மூன்றாவது வழியில் இறக்க வீதத்தைத் தப்பும் காரணியால் பெருக்குகிறோம். மேலே 0.0072 என்று பார்த்தது அதுதான். குணக அட்டவணைக்கு அடர்த்தி, வெப்பநிலை என்ற இரண்டு அச்சுகளோடு ஒளியியல் தடிமன் என்ற மூன்றாம் அச்சும் சேரும். யூயெட்ஜ் என்ற விளிம்புப் பிளாஸ்மா நிரலில் இந்த மாதிரி அட்டவணைகள் உண்டு: ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எல்லை வரையிலான தடிமனைக் கணக்கிட்டு அட்டவணைக்குள் நுழைகிறார்கள். கணக்கு நேரம் அநேகமாகக் கூடாது, இரைச்சல் இல்லை, தீர்வும் நன்றாக கன்வெர்ஜ் ஆகும்.

சிக்கல் "எந்த நீளம்" என்பதில் இருக்கிறது. டைவர்ட்டர் பலகையும் அல்ல, உருளையும் அல்ல. தகட்டை ஒட்டிச் சாய்ந்து கிடக்கும் மெல்லிய அடர்ந்த பட்டை அது. தகட்டை நோக்கி ஒரு தடிமன், பக்கவாட்டில் இன்னொன்று, காந்தக்கோட்டின் நெடுக வேறொன்று. ஃபோட்டான் எளிதான திசையில்தான் தப்பும், ஆகவே சராசரியைவிடச் சிறிய நீளத்தை எடுப்பதே நியாயம். எதை எடுத்தாலும் இரண்டு மடங்கு கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.

இதைவிட ஆழமான குறை, தப்பும் காரணிக்கு இடமாற்றம் தெரியாது என்பது. உண்மையில் ஃபோட்டான் கிளர்வை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அயனியாக்க முகப்பில் பிறந்த ஒளி சில சென்டிமீட்டர் தள்ளி, மறுசேர்க்கை நடக்கும் குளிர்ந்த பகுதியில் பிடிபட்டு, அங்கே அணுவை மேலே ஏற்றுகிறது. வெப்பமான இடத்தில் பிறந்த ஒளியின் கோடு அகலமானது. குளிர்ந்த அணுக்கள் கோட்டின் நடுவை மட்டுமே தடுக்கும், இறக்கைகள், அதாவது கோட்டின் இரு ஓரங்கள், வழியாக ஒளி நழுவிவிடும். உள்ளூர்க் காரணி ஒன்றால் இவை எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. மட்டத்தின் நிறைவைத் திருத்தும் காரணி வேறு. பார்வைக்கோட்டில் வெளியே வரும் ஒளியின் பங்கு வேறு. முதலாவதைக் கொண்டு போலோமீட்டர் (மொத்தக் கதிர்வீச்சுச் சக்தியை அளக்கும் கருவி) சிக்னலைக் கணித்தால் தவறான எண் வரும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

நிறமாலை அளவீடுகளைப் படித்துப் பொருள்கொள்ள, ஒரு பரிமாண மாடலுக்கு, நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் அளபுருக்களை அலசுவதற்கு இந்த வழி ஏற்றது. வடிவமைப்பு முடிவுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மான்டி கார்லோ

நான்காவது வழி மான்டி கார்லோ: துகள்களைக் குலுக்கல் முறையில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது. ஜெர்மனியின் யூலிஷ் மையத்தில் வளர்ந்த ஐரீன் நிரல் நடுநிலைத் துகள்களைப் பின்தொடர எழுதப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஃபோட்டானையும் அதே முறையில் ஒரு துகளாகச் சேர்த்தார்கள். கருத்து நேரடியானது. கிளர்வுற்ற அணு ஒரு இனம், ஃபோட்டான் இன்னொரு இனம். அணு ஃபோட்டானை உமிழ்கிறது. அதிர்வெண் உள்ளூர்க் கோட்டு வடிவத்திலிருந்து குலுக்கி எடுக்கப்படுகிறது. ஃபோட்டான் உண்மையான வடிவியலில், உண்மையான சுவர்களுக்கு நடுவே பறக்கிறது. பிடிபட்டால் கிளர்வுற்ற அணு பிறக்கிறது. அந்த அணு திரும்ப உமிழலாம், அல்லது எலக்ட்ரான் மோதி அயனியாகலாம். நீளம் எது என்ற கேள்விக்கே இடமில்லை. இடமாற்றமும் தானாக வந்துவிடுகிறது.

செலவைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 140 முறை பிடிபடும் ஃபோட்டானைப் பின்தொடர்வது செலவுதான். ஆனால் எலக்ட்ரான் அடர்த்தி 10²⁰-ஆக இருக்கும்போதே ஒவ்வொரு பிடிப்பிலும் 0.6 சதவீத வாய்ப்பில் அணு அயனியாகிவிடுகிறது. சராசரிச் சங்கிலி 70 பிடிப்புகளாகச் சுருங்குகிறது. அடர்த்தி 10²¹ ஆனால் அந்த வாய்ப்பு 6 சதவீதம். சங்கிலி சுமார் 15 பிடிப்புகளில் முடிந்துவிடும், பத்தில் ஒன்பது ஃபோட்டான்கள் உள்ளேயே செத்துவிடும். ஒளி அடைப்பு மிக முக்கியமாகும் அடர்ந்த நிலையில்தான் மான்டி கார்லோ மலிவாகிறது.

நிஜத் தொல்லை இரைச்சல். ஒரு கட்டத்தில் 5 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 400 சார்பற்ற நிகழ்வுகள் தேவை. ஒரே ஃபோட்டானின் அடுத்தடுத்த பிடிப்புகள் ஒன்றுக்கொன்று சார்பற்றவை அல்ல. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்த இரைச்சல் திரவப் பிளாஸ்மா தீர்வியின் மூல உறுப்புகளில் (சமன்பாட்டில் துகளையும் ஆற்றலையும் கூட்டும் பகுதிகளில்) நுழைகிறது. எச்சப்பிழை (சமன்பாடு இன்னும் எவ்வளவு நிறைவேறவில்லை என்பது) ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் ஆடிக்கொண்டே நிற்கும். காலப்படியைக் குறைத்தால் சரியாகாது; துகள் எண்ணிக்கையைக் கூட்டி, எச்சத்துக்குப் பதிலாக மொத்தத் துகள், மொத்த ஆற்றல் சமநிலையைப் பார்த்து நிறுத்துங்கள்.

கட்ட அளவிலும் கவனம் தேவை. பிடிபடும் தொலைவு 1.3 மில்லிமீட்டர், கட்டம் 1 சென்டிமீட்டர் என்றால், கட்டத்தின் ஒரு முனையில் பிடிபட்ட ஒளி, அடுத்த சுற்றில் மூலம் கட்டம் முழுதும் சமமாகப் பரப்பப்படும்போது, மறுமுனையிலிருந்தும் உமிழப்படுகிறது. ஒளி உண்மையைவிட வேகமாகப் பரவியதுபோல் ஆகிறது. தகட்டருகே கட்டங்கள் ஏற்கெனவே நுண்ணியவை, பிழைப்பு உண்டு. போலாய்டல் திசையில் (டோக்கமாக் குழாயின் குறுக்குவெட்டைச் சுற்றிய திசையில்) அகன்ற கட்டங்கள்தான் ஆபத்து; அங்கே ஒருமுறை பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது வழி, ஒளிக் கடத்தல் சமன்பாட்டையே திசைகளாகவும் அதிர்வெண்களாகவும் பிரித்து நேரடியாகத் தீர்ப்பது. லாரன்ஸ் லிவர்மோரின் கிரெட்டின் நிரல் இந்த வகை. இரைச்சல் இல்லை, கோட்டு வடிவத்தை எவ்வளவு நுணுக்கமாகவும் வைக்கலாம். உண்மையான டைவர்ட்டரின் மூலை முடுக்குகளுக்குள் கொண்டுபோவதுதான் கடினம். சொந்தமாக எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "நிறைவைக் கொண்டு ஒளி, ஒளியைக் கொண்டு நிறைவு" என்று மாறிமாறிச் சுற்றும் எளிய முறை, தடித்த பிளாஸ்மாவில் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதே நகரும். மாற்றம் சிறிதாகிவிட்டதைப் பார்த்து கன்வெர்ஜ் ஆகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், விடை இன்னும் எங்கோ தூரத்தில் இருக்கும். முடுக்கிய முறை இல்லாமல் இறங்க வேண்டாம்.

கோட்டு வடிவம்

நான்காவது, ஐந்தாவது வழிகளை எடுத்தவர்கள் பாதி வழியில் விட்டுவிடும் இடம் இது. 5 டெஸ்லா புலத்தில் ஸீமன் பிளவு (காந்தப் புலம் நிறமாலைக் கோட்டைப் பிரிக்கும் தொலைவு) 70 கிகாஹெர்ட்ஸ். டாப்ளர் அகலம் 80. லைமன் ஆல்பாவின் நுண்கட்டமைப்புப் பிளவு 11 கிகாஹெர்ட்ஸ்தான், ஆகவே கோடு நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என்று மூன்றாகப் பிரிவதாகவே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாகப் பிரிந்த கோட்டில் நடு உயரம் குறையும், ஒளி எளிதாகத் தப்பும். ஸீமனை விட்டுவிட்டால் அடைப்பை மிகையாக மதிப்பிடுவீர்கள். காந்தப் புலத்தின் நெடுகப் போகும் ஃபோட்டானுக்கு நடுக்கூறு கிடையாது என்பதையும் நிரல் அறிந்திருக்க வேண்டும்.

டியூட்டீரியம்-டிரிட்டியம் கலவையில் இது இன்னும் கூர்மையாகிறது. இரண்டின் ஆல்பாக் கோடுகளுக்கும் இடைவெளி சுமார் 220 கிகாஹெர்ட்ஸ், 1 எலக்ட்ரான்வோல்ட்டில் டியூட்டீரியத்தின் மூன்று டாப்ளர் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். புலம் இல்லையென்றால் ஒன்றின் ஒளியை மற்றது பெரிதாகத் தொடாது. இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்து ஓட்டினால் சமக் கலவையில் தடிமன் இரண்டு மடங்காகிவிடும், அது பிழை. ஆனால் 5 டெஸ்லாவில் டியூட்டீரியத்தின் மேல்கூறும் டிரிட்டியத்தின் கீழ்க்கூறும் 80 கிகாஹெர்ட்ஸ் தூரத்துக்கு நெருங்கிவிடுகின்றன. ஓரளவு ஒன்றையொன்று உறிஞ்சும். ஆகவே முழுதும் தனி என்பதும் சரியில்லை. இரண்டு இனங்கள், ஆறு கூறுகள், இதுதான் சரியான வைப்பு.

இயற்கை அகலத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். டாப்ளரோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஆறு என்ற அளவு. ஒளியியல் தடிமன் ஆயிரத்தைத் தாண்டும்போதுதான் அதன் இறக்கைகள் தலைதூக்கும். லைமன் பீட்டாவுக்கும் அதற்கு மேற்பட்ட கோடுகளுக்கும் 10²¹ அடர்த்தியில் ஸ்டார்க் விரிவை (சுற்றியுள்ள மின்துகள்களின் புலத்தால் கோடு விரிவதை) சேர்க்க வேண்டும்.

எதை எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது

என் பரிந்துரை வரிசை இது. அடர்த்தி-கனப் பெருக்குத்தொகை 10¹⁷-க்குக் கீழே என்றால் ஒளிபுகும் குணகங்களோடு நின்றுவிடுங்கள். மேலே என்றால் இரண்டு எல்லைகளையும் ஓட்டுங்கள், விடை மாறாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். மாறினால், அளவீட்டைப் பொருள்கொள்வது உங்கள் வேலையென்றால் தப்பும் காரணி. தகட்டு வடிவமோ எரிவாயு செலுத்தும் அளவோ இந்த விடையால் தீர்மானமாகப் போகிறதென்றால் மான்டி கார்லோ, ஸீமனோடு. பிரான்ஸில் கட்டப்படும் பெரிய டோக்கமாக்கான ஐட்டர் அளவிலான அடர்ந்த டைவர்ட்டருக்கு இந்தக் கடைசி நிலைதான்.

நிரலை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. 10 செ.மீ. பலகை, சீரான 10²⁰ அணுக்கள், 1 எலக்ட்ரான்வோல்ட், காந்தப் புலம் இல்லை, எலக்ட்ரான் மோதல் இல்லை, சுவர் முழுதும் உறிஞ்சும். ஒரு துடிப்பு ஒளியை உள்ளே விட்டு, நெடுநேரம் கழித்துக் கிளர்வு எந்த வீதத்தில் தேய்கிறது என்று பாருங்கள். அது இயல்பான இறக்க வீதத்தின் 0.0072 மடங்கை ஒட்டி வர வேண்டும். தொடக்கத்திலேயே அளந்தால் அதிகமாக வரும். ஓரத்தில் பிறந்த ஒளி முதலில் ஓடிவிடுகிறது, அது நிரலின் பிழையல்ல. பிறகு மோதல், காந்தப் புலம், சுவர்ப் பிரதிபலிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

சோதனைச் சாதனத்தோடு ஒப்பிட நல்ல அளவுகோல் லைமன் பீட்டாவும் டி-ஆல்பாவும். இரண்டும் மூன்றாம் மட்டத்திலிருந்தே பிறப்பதால், உட்படிகள் கலந்த ஒளிபுகும் பிளாஸ்மாவில் ஃபோட்டான் எண்ணிக்கை விகிதம் 1.26 ஆக இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பீட்டா அடைபடுகிறது. எம்.ஐ.டி-யின் அல்கேட்டர் சி-மாட் சாதனத்தில் 1990-களில் லைமன் ஒளி அடைபடுவதை இவ்வழியில்தான் கண்டார்கள். அளக்கும்போது பீட்டாவின் 102.6 நானோமீட்டர் அலைநீளத்தை மறந்துவிட வேண்டாம். மக்னீசியம் ஃபுளோரைடு மட்டுமல்ல, லித்தியம் ஃபுளோரைடு ஜன்னல்கூட அதை விடாது. நிறமாலைமானியை ஜன்னல் இல்லாமல் நேராக வெற்றிடத்தோடு இணைக்க வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே பார்வைக்கோட்டில் இருக்க வேண்டும். கோணம் சில டிகிரி விலகினாலும் ஒன்று அடர்ந்த பட்டையையும் மற்றது அதன் ஓரத்தையும் பார்க்கும், அப்போது வரும் 0.8 போன்ற ஒரு விகிதம் ஒளி அடைப்பா, பார்வைப் பிழையா என்று பிரித்துச் சொல்ல எந்த மாடலாலும் முடியாது.